பழைய நியான் போர்டை போட்டோ எடுக்க ஒரு சின்ன ட்ரிக்

லாஸ் வேகாஸ் போறவங்க பெரிய கேசினோ எல்லாம் இருக்கற ஸ்ட்ரிப் ரோட்டோட திரும்பிடாதீங்க, டவுன்டவுன்ல ஃப்ரீமான்ட் ஸ்ட்ரீட் பக்கம் போங்க, 1951ல வச்ச வேகாஸ் விக்ங்கற கௌபாய் போர்டு இன்னும் அங்கதான் நிக்குது. நியான் மியூசியம் சரி பண்ணி வச்ச குதிரைக்காரன் போர்டும் பக்கத்துலயே, ரோட்டு நடுவுல.

நல்லா இருட்டினப்புறம் எடுத்தா போர்டுல எரியற நியான் குழாய் மட்டும் வெள்ளையா வெளுத்துப் போய் சுத்தி ஒண்ணும் தெரியாது. சூரியன் மறைஞ்சு ஒரு இருபது நிமிஷம் கழிச்சு, வானம் இன்னும் நீலமா இருக்கும்போது எடுங்க, தகரத்துல அடிச்ச பெயிண்ட்டும் தெரியும் கலரும் நிக்கும். போன்ல போர்டைத் தொட்டு ஃபோகஸ் பண்ணிட்டு வெளிச்சத்தை கொஞ்சம் இறக்கிடுங்க. கேமராவா இருந்தா ஷட்டர் 1/60 செகண்ட் இல்ல அதுக்கும் மெதுவா வைங்க, ஏன்னா அமெரிக்க கரன்ட்ல குழாய் செகண்டுக்கு 120 தடவை மினுக்கும், வேகமா எடுத்தா சில எழுத்து மங்கலா விழும்.

சுவர்லேர்ந்து வெளிய நீட்டிட்டிருக்கற போர்டை எதிர்ல நின்னு எடுக்காதீங்க, வெறும் ஓரம்தான் கிடைக்கும், அது நடைபாதைல வர்றவங்களுக்காக வச்சது, அதனால அதே பக்கம் மூணு நாலு கடை தள்ளி நில்லுங்க.

ஒரிஜினலான்னு சந்தேகமா? எழுத்துக்கு எழுத்து நடுவுல கண்ணாடிக் குழாய்க்கு கறுப்பு பூசியிருந்தா அனேகமா நிஜ நியான். எல்ஈடில அந்த அழகு வராது, என்னைக் கேட்டா.