நூறு சான்றிதழ், ஒரே டிசைன்: ஃபோட்டோஷாப்பை உங்களுக்காக ஓடவிடும் வழி

சான்றிதழ் டிசைன் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் பிடித்தும்விட்டது. அடுத்து ஒரு ஷீட் வருகிறது: நூறு பெயர், நூறு சான்றிதழ் எண், அவரவர் பயிற்சிப் பிரிவு, சிலருக்கு மட்டும் முதல் பரிசு முத்திரை. இனி டெக்ஸ்ட் லேயரை (எழுத்து இருக்கும் அடுக்கை) தொட்டு, பெயரை ஒட்டி, சேவ் ஆஸ் கொடுத்து, அடுத்த பெயருக்குப் போக வேண்டும். இருபது பெயரைத் தாண்டினால் கை தன்பாட்டில் ஓடும், கண் எழுத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடும். ஒருவருடைய பெயரும் இன்னொருவருடைய பிரிவும் ஒட்டிக்கொண்டு அச்சுக்குப் போவது இப்படித்தான்.

இந்த வேலை முழுவதையும் ஃபோட்டோஷாப்பே செய்துவிடும். இதற்கு ஸ்கிரிப்ட், அதாவது மென்பொருளுக்கு எழுதித் தரும் கட்டளைகள், என்றதும் கோடிங் நினைவுக்கு வந்து பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் இதில் பெரும்பங்கு கோடிங்கே இல்லை, ஃபைலை ஒழுங்காக வைத்திருப்பதுதான். நடுவில் பெரிதாக இருப்பது பெயர் என்று உங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். மென்பொருளுக்கு அது தெரியாது. லேயரின் பெயர், அது இருக்கும் இடம், அதன் அளவு ஆகியவைதான் அதற்குத் தெரிந்த உலகம். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

முதல் படி: லேயர்களுக்குப் பெயர்

லேயர் பேனலைத் திறந்து பாருங்கள். 'லேயர் 1', 'லேயர் 1 காப்பி', 'லேயர் 1 காப்பி 2' என்று கிடந்தால் அங்கிருந்தே தொடங்க வேண்டும். மாறப்போகும் ஒவ்வொரு லேயருக்கும் தனிப் பெயர் கொடுங்கள்: எண், பெயர், பிரிவு, முத்திரை. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைப்பது நல்லது. ஒரே பெயரில் இரண்டு லேயர் இருக்கவே கூடாது. மாறாதவற்றை எல்லாம் ஒரு குரூப்பில் போட்டு லாக் செய்துவிடுங்கள். மாறும் லேயர்களைக் குரூப்புக்கு வெளியே, மேலே வையுங்கள். ஏன் வெளியே என்பது கடைசிப் பகுதியில் புரியும்.

பெயர் லேயரில் இன்னொரு விஷயம். டெக்ஸ்ட் டூலால் பெட்டி இழுத்து எழுதியிருந்தால், நீளமான பெயர் பெட்டிக்குள் அடங்காமல் மறைந்துபோகும். எந்த எச்சரிக்கையும் வராது. ஒரே இடத்தில் கிளிக் செய்து எழுதும் பாயின்ட் டெக்ஸ்டாக வைத்து, சென்டர் அலைன் கொடுங்கள். அப்போது பெயர் நீண்டாலும் இரண்டு பக்கமும் சமமாக விரியும், எதுவும் காணாமல் போகாது.

தமிழ்ப் பெயர்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால், டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள பதிப்புகளில் ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்று மாற்றுங்கள். இன்னும் பழைய பதிப்புகளில் இதே வசதி 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்ற பெயரில் இருக்கும். மாற்றியபின் ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து, அந்த லேயரைப் புதிதாக எழுதிப் பாருங்கள்.

வேரியபிள்களை வரையறுத்தல்

இமேஜ் மெனுவில் வேரியபிள்ஸ் (சான்றிதழுக்குச் சான்றிதழ் மாறும் இடங்கள்), அதற்குள் டிஃபைன். வரும் பெட்டியில் மேலே லேயர் பட்டியல் இருக்கும். பெயர் லேயரைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' என்பதில் டிக் போட்டு, அந்த வேரியபிளுக்கு ஒரு பெயர் கொடுங்கள். எண், பிரிவு லேயர்களுக்கும் இதேபோல. முத்திரை லேயருக்கு மட்டும் 'விசிபிலிட்டி'. அது தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா என்பதைத்தான் ஷீட் சொல்லும். வேரியபிள் வைத்த லேயர்களின் பெயருக்கு அருகில் நட்சத்திரக் குறி வரும். பேக்ரவுண்ட் லேயருக்கு வேரியபிள் வைக்க முடியாது. அதையும் மாற்ற வேண்டுமென்றால் முதலில் சாதாரண லேயராக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷீட்டைச் சரிசெய்தல்

புதியவர்கள் அதிக நேரம் இழப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஷீட்டின் முதல் வரிசையில் வேரியபிள் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் இரண்டும் வேறு வேறு. டிசைனில் இல்லாத காலம் (ஷீட்டில் மேலிருந்து கீழாக வரும் பத்தி), அதாவது தொலைபேசி எண், முகவரி போன்றவை இருந்தால் நீக்கிவிடுங்கள். முதல் காலத்தில் சான்றிதழ் எண்ணை வையுங்கள். ஏனென்றால் முதல் காலத்தில் உள்ளதையே பிறகு ஃபைலின் பெயராக எடுத்துக்கொள்ளப் போகிறோம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம், ஒரே எண்ணில் இருக்க மாட்டார்கள்.

எக்செலில் வெறும் சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய எழுத்து ஃபைல்) என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பட்டியலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். யுடிஎஃப்-8 என்பது தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறை. நான் பரிந்துரைப்பது கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, டவுன்லோட் மெனுவில் டேப் மூலம் பிரிக்கும் வகையில் இறக்குவது. அது யுடிஎஃப்-8 ஆகவே வரும். பிரிவின் பெயருக்குள் காற்புள்ளி வந்தாலும் குழப்பம் இருக்காது. சிஎஸ்வியில் அப்படி ஒரு காற்புள்ளி மேற்கோள் குறிக்குள் இல்லாமல் வந்தால் அதை அடுத்த காலம் என்று எடுத்துக்கொண்டு, கணக்குப் பொருந்தவில்லை என்று ஃபோட்டோஷாப் மறுத்துவிடும்.

இறக்கிய ஃபைலை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, கடைசியில் வெற்று வரி இருக்கிறதா? இருந்தால் அதையும் ஒரு பதிவாக எண்ணி, மதிப்புகள் போதவில்லை என்று பிழை காட்டும். நூறு வரியும் சரியாக இருக்க, நூற்றொன்றாவது வரியில் பிழை என்று வந்தால் காரணம் இதுதான், அழித்துவிடுங்கள். இரண்டாவது, முத்திரைக் காலத்தில் ட்ரூ, ஃபால்ஸ் ஆகியவை ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கின்றனவா? ஷீட் மென்பொருள்கள் இவற்றைத் தாமாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். ரீப்ளேஸ் கொடுத்து மாற்றிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இறக்குமதியும் ஏற்றுமதியும்

இமேஜ், வேரியபிள்ஸ், டேட்டா செட்ஸ் என்று போய் இம்போர்ட் கொடுங்கள். ஷீட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு டேட்டா செட். என்கோடிங்கில் யுடிஎஃப்-8. 'யூஸ் ஃபர்ஸ்ட் காலம் ஃபார் டேட்டா செட் நேம்ஸ்' என்பதில் டிக். ஏற்கெனவே ஏற்றிய பழைய பட்டியல் இருந்தால் 'ரீப்ளேஸ் எக்ஸிஸ்டிங் டேட்டா செட்ஸ்' என்பதிலும் டிக்.

ஏறியதும் ப்ரிவ்யூவை இயக்கி, அம்புக்குறியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். முதல் இரண்டைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். பட்டியலிலேயே நீளமான பெயர், மிகச் சிறிய பெயர், முத்திரை உள்ள ஒன்று, இல்லாத ஒன்று ஆகிய நான்கையும் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சரியாக இருந்தால் ஃபைல், எக்ஸ்போர்ட், 'டேட்டா செட்ஸ் ஆஸ் ஃபைல்ஸ்'. ஒரு காலி ஃபோல்டரைக் காட்டி, பெயர் வைக்கும் இடத்தில் டேட்டா செட் பெயரைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். நூறு பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்த வகை) ஃபைல் வந்து விழும்.

இவற்றை ஜேபெக்காக மாற்ற ஃபைல், ஸ்கிரிப்ட்ஸ், இமேஜ் ப்ராசஸர். எந்த ஃபோல்டர், எங்கே சேமிக்க வேண்டும், எந்த வகை, தரம் 0 முதல் 12 வரை எவ்வளவு: இவ்வளவுதான் கேட்கும். மெனுவின் பெயரைக் கவனித்தீர்களா? இதுவும் ஒரு ஸ்கிரிப்ட்தான், ஃபோட்டோஷாப்போடு சேர்ந்தே வருகிறது.

ஆக்‌ஷன்: செய்ததைத் திரும்பச் செய்

ஃபோட்டோஷாப்பில் ஆக்‌ஷன் வசதி 1996-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. விண்டோ மெனுவில் ஆக்‌ஷன்ஸ் பேனலைத் திறந்து, புதிதாக ஒரு செட், அதற்குள் ஒரு ஆக்‌ஷன் உருவாக்கி, ரெக்கார்ட் கொடுத்தால் அதன்பின் நீங்கள் செய்வது ஒவ்வொன்றும் படியாகப் பதிவாகும். ஒப்புதலுக்கு அனுப்பும் படங்களில் 'மாதிரி' என்று வாட்டர்மார்க் வைப்பது போன்ற வேலைகளுக்கு இது போதும்.

பதிவு செய்யும் முன் ரூலர் அலகைப் பர்சென்ட்டுக்கு மாற்றுங்கள். பிக்சலில் இருந்தால் 'இடமிருந்து 900 பிக்சல்' என்று பதிவாகும். வேறு அளவுள்ள படத்தில் வாட்டர்மார்க் எங்கேயோ போய் நிற்கும். அப்புறம், பேனலில் லேயரை மவுஸால் தொட்டால் அந்த லேயரின் பெயர் பதிவாகிவிடும். அடுத்த ஃபைலில் அந்தப் பெயர் இல்லையென்றால் ஆக்‌ஷன் அங்கேயே நின்றுவிடும். விண்டோஸில் ஆல்ட்டும் ] விசையும் அழுத்தினால் மேல் லேயர், ஆல்ட்டும் [ விசையும் அழுத்தினால் கீழ் லேயர். இப்படிப் போனால் பெயர் பதிவாகாது, நகர்வு மட்டும் பதிவாகும். எல்லா ஃபைலிலும் ஒரே பெயர் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் பெயரைத் தொடுங்கள், இல்லையென்றால் விசைதான் சரி.

சொந்த ஸ்கிரிப்ட் எப்போது தேவை

இதுவரை சொன்னவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. வேரியபிள் பெயரை மாற்றும், ஆனால் மாற்றிய பெயர் ஓரத்தைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்காது. ஆக்‌ஷன் எழுத்தைச் சிறிதாக்கும், ஆனால் எல்லாப் பெயரையும் சிறிதாக்கிவிடும். 'பெயர் நீளமாக இருந்தால் மட்டும்' என்று அளந்து பார்த்து முடிவெடுக்க ஸ்கிரிப்ட் வேண்டும்.

அதன் ஓட்டத்தைத் தமிழிலேயே எழுதிப் பார்ப்போம்:

1. திறந்திருக்கும் ஃபைலை எடு.
2. அதில் பெயர் லேயரைத் தேடி எடு.
3. அந்த லேயரின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்தைக் கழித்து அகலத்தைக் கண்டுபிடி.
4. அகலம் வரம்பைத் தாண்டினால் எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்து, மறுபடியும் அள.
5. பொருந்தியதும் நிறுத்து. எழுத்து 18 புள்ளிக்கு வந்துவிட்டால் பொருந்தாவிட்டாலும் நிறுத்து.

ஐந்தாவது வரியின் இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். லேயரில் தவறுதலாக வேறேதாவது ஒட்டியிருந்தால், கீழ் வரம்பு இல்லாத ஸ்கிரிப்ட் எழுத்து கண்ணுக்கே தெரியாமல் போகும்வரை குறைத்துக்கொண்டே போகும்.

இதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் பத்துப் பதினைந்து வரிதான் வரும். எல்லாம் 'ஆப்' என்ற சொல்லில் தொடங்கும். ஃபோட்டோஷாப் முழுவதற்கும் அதுதான் பெயர். ஆப்புக்குள் ஆக்டிவ்டாக்குமென்ட், அதற்குள் ஆர்ட்லேயர்ஸ், அதற்குள் 'கெட் பை நேம்' என்று கேட்டால் லேயர் கையில் வரும். இந்தத் தேடல் மேல்மட்டத்தில் உள்ள லேயர்களை மட்டுமே பார்க்கும், குரூப்புக்குள் நுழையாது. மாறும் லேயர்களை வெளியே வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 'பவுண்ட்ஸ்' என்று கேட்டால் இடது, மேல், வலது, கீழ் என்ற வரிசையில் நான்கு எண் கிடைக்கும். அவை ரூலர் எந்த அலகில் இருக்கிறதோ அந்த அலகில் வரும். ஆக்‌ஷனுக்காகப் பர்சென்ட்டுக்கு மாற்றியிருந்தால் இப்போது பிக்சலுக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பாகும்.

எழுதியதை ஜேஎஸ்எக்ஸ் என்ற நீட்டிப்புடன் சேமியுங்கள். இந்த வகை ஸ்கிரிப்டுகள் ஓடும் எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழி, 1999-இல் வெளியான எக்மாஸ்கிரிப்ட் 3-ஐ, அதாவது ஜாவாஸ்கிரிப்டின் பழைய தரத்தை, அடிப்படையாகக் கொண்டது. இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் பாடங்களைப் பார்த்து 'லெட்', அம்புக்குறி ஃபங்ஷன் எல்லாம் எழுதினால் முதல் வரியிலேயே பிழை வரும். 'வார்' என்று எழுதுங்கள். புதிய நடையில்தான் எழுத வேண்டுமென்றால் யுஎக்ஸ்பி என்ற புதிய முறை ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதன் நீட்டிப்பு பிஎஸ்ஜேஎஸ். தொடங்குபவர்களுக்கு நான் ஜேஎஸ்எக்ஸையே சொல்வேன். எளிமையானது, படித்துப் பார்க்க எடுத்துக்காட்டுகளும் கைவசம் இருக்கின்றன: ஃபோட்டோஷாப் நிறுவிய ஃபோல்டரில் ப்ரீசெட்ஸ், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று போனால், அதோடு வரும் ஸ்கிரிப்டுகளை நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

உங்கள் ஸ்கிரிப்டையும் அதே ஃபோல்டரில் வைத்து ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்தால், ஃபைல் மெனுவின் ஸ்கிரிப்ட்ஸ் பட்டியலில் அது பெயரோடு வந்து நிற்கும். இப்போது ஒரு புதிய ஆக்‌ஷனைப் பதிவு செய்யத் தொடங்கி, மெனுவிலிருந்து அந்த ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டி, பதிவை நிறுத்துங்கள். அந்த ஆக்‌ஷனில் ஒரே ஒரு படிதான் இருக்கும்.

கடைசியாக ஃபைல், ஆட்டோமேட், பேட்ச். ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலிலும் ஒரே ஆக்‌ஷனை ஓட்டுவது இதுதான். ஆக்‌ஷனாக இதைத் தேர்ந்தெடுங்கள். சோர்ஸ், பிஎஸ்டிகள் உள்ள ஃபோல்டரின் நகல். மூல ஃபோல்டரைத் தொட வேண்டாம். டெஸ்டினேஷன், 'சேவ் அண்ட் க்ளோஸ்'. பிழை வந்தால் நிற்காமல் லாக் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். முதலில் மூன்றே ஃபைலை வைத்து ஓட்டிப் பாருங்கள், அதில் ஒன்று அந்த மிக நீளமான பெயராக இருக்கட்டும். சரியாக வந்தால் நூறையும் கொடுத்துவிட்டு, முடிந்ததும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்து, அதே ஃபோல்டரை இமேஜ் ப்ராசஸரிடம் கொடுங்கள்.