முதல் கராத்தே போட்டிக்குத் தயாராவது எப்படி?

வகுப்பில் சேர்ந்து ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் பயிற்சி முடிந்து எல்லோரும் வணங்கிக் கலையும்போது, "அடுத்த போட்டிக்கு உன் பெயரையும் கொடுத்துவிடட்டுமா?" என்று மாஸ்டர் கேட்பார். அன்று இரவு தூக்கம் வராது. எங்கள் சமுதாயக்கூட வகுப்பில் புதிய மாணவர்களுக்கு நான் உதவியாக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருபவர்களுக்குச் சொல்லித் தருவதை வரிசையாக எழுதுகிறேன். கையில் இரண்டு மாதம் இருந்தால் போதும்.

முதல் படி: எதில் இறங்குவது?

கட்டா என்பது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவுத் தொடர். குமித்தே என்பது ஒருவரோடு ஒருவர் மோதுவது. முதல் முறை கட்டாவில் மட்டும் இறங்குங்கள் என்பதே என் ஆலோசனை. களம், நடுவர், கூட்டத்தின் இரைச்சல் எல்லாமே அன்று உங்களுக்குப் புதிது. அவற்றோடு எதிரே ஓர் ஆளும் நின்றால், கற்றதில் பாதி மறந்துபோகும். அப்படியும் குமித்தேயில் இறங்கத்தான் வேண்டும் என்று மனம் துடித்தால், மூன்றாம் படியை இரண்டு மடங்கு காலம் பழகுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு கட்டா, ஒரு சாக்பீஸ் துண்டு

ஷோட்டோகான் பாணியில் பயில்பவர்களுக்குப் பெரும்பாலும் முதல் கட்டா ஹெய்யான் ஷோதான். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசிரியர் இதோசு அங்கோ பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த ஐந்து பினான் கட்டாக்களே பின்னாளில் ஹெய்யான் என்று பெயர் மாறின. அதனால் "இது குழந்தைகள் கட்டா" என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். இருபத்தொரு அசைவுகள்தான். ஆனால் நிற்கும் நிலை, திரும்பும் விதம், இடுப்பின் வேலை மூன்றையும் அது ஈவிரக்கமின்றிக் காட்டிக்கொடுக்கும்.

தொடங்கும் இடத்தில் இரண்டு பாதங்களைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு கட்டா முழுவதையும் செய்துவிட்டு, கீழே குனிந்து பாருங்கள். ஹெய்யான் ஷோதான் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். நீங்கள் ஒரு முழம் முன்னால் நின்றால், போன அடிகளைவிடத் திரும்பி வந்த அடிகள் குட்டையாக இருந்திருக்கின்றன என்று பொருள். களைப்பில் திரும்பி வரும் மூன்று அடிகள் சுருங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பக்கவாட்டில் விலகியிருந்தால், திருப்பங்களில் பின்னங்காலை வைத்த இடம் தவறு.

முன்னங்கால் மடங்கி நிற்கும் ஜென்குத்சு நிலையில் புதியவர்கள் செய்யும் பிழையும் இங்கேதான் தெரியும். இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில், கயிற்றின்மேல் நடப்பதுபோல் நிற்கும். தோளில் யாராவது விரலால் தள்ளினாலே சாய்ந்துவிடுவீர்கள். இடுப்பின் அகலத்துக்குப் பாதங்களை விரித்து வையுங்கள். முன்முழங்கால் பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். பின்னங்கால் நீண்டு, குதிகால் தரையில் பதிந்திருக்கட்டும்.

அடுத்தது நிறுத்தம். ஒவ்வொரு அசைவும் முடியும் கணத்தில் கையும் காலும் இடுப்பும் சேர்ந்து நிற்க வேண்டும். பாதம் முதலில் வந்து, கை பின்னால் வந்து சேர்ந்தால் அந்தக் குத்துக்கு உயிர் இல்லை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ரியோ கியூனாவின் ஆட்டத்தைக் காணொளியில் பாருங்கள். வேகத்தைப் பார்த்து மலைக்காமல், இரண்டு அசைவுகளுக்கு நடுவே அவர் எப்படி அசையாமல் நிற்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

மூன்றாம் படி: தொங்கும் காகிதம்

போட்டிக் கராத்தேயில் ஓங்கி அடிக்கத் தெரிவதைவிட, கையை நிறுத்தத் தெரிவது முக்கியம். இதைப் பழக ஒரு தாளும் நூலும் போதும். உங்கள் முக உயரத்தில் தாளைத் தொங்கவிடுங்கள். முஷ்டியை இறுக்கி மூடி, கட்டைவிரலை வெளியே மடித்து வைத்து, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் கணுக்கள் முன்னால் வரும்படி குத்துங்கள். மணிக்கட்டு வளையக் கூடாது. குத்து முழு வேகத்தில் போக வேண்டும். ஆனால் தாளுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட வேண்டும். காற்றில் தாள் அசையலாம், கை படக் கூடாது.

முதல் வாரம் தாள் கிழியும், அல்லது பயத்தில் கை பாதி வழியிலேயே நிற்கும். கையை அடக்கப் பார்க்காதீர்கள். பாதத்தை மாற்றி வையுங்கள். தூரத்தைக் கணிப்பது காலின் வேலை. முன்பாதம் எங்கே விழுகிறதோ, அதை வைத்துத்தான் கை எங்கே முடியும் என்பது தீர்மானமாகிறது. நின்ற இடத்தில் பழகிய பிறகு ஓரடி பாய்ந்து குத்துங்கள். அதன் பிறகு நண்பர் ஒருவர் கையுறையை உயர்த்திப் பிடித்து மெல்லப் பின்வாங்கட்டும்.

நான்காம் படி: விதிகள்

உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி களம் எட்டு மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் கொண்டது. கையால் பெறும் புள்ளி யூக்கோ, ஒன்று. உடலில் விழும் உதை வாசாரி, இரண்டு. தலைக்குச் செல்லும் உதையும், கீழே விழுந்த எதிராளியின்மேல் சரியாக முடிக்கும் அடியும் இப்பான், மூன்று. எட்டுப் புள்ளி முன்னிலை பெற்றால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். எதிராளி தள்ளாமல் நீங்களாகவே கோட்டுக்கு வெளியே போனால் ஜோகாய் என்று எச்சரிப்பார்கள். சிறுவர் பிரிவுகளில் கை முகத்தை லேசாகத் தொட்டாலும் எச்சரிக்கை வரலாம்.

என் முதல் குமித்தேயில் நேராக ஒரு குத்து விட்டேன். தூரம் சரி, நேரம் சரி. புள்ளி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே முதுகைக் காட்டித் திரும்பினேன். புள்ளி தர நடுவர்கள் உயர்த்தும் கொடிகளில் ஒன்றுகூட எழவில்லை. அடித்த பிறகும் எதிராளிமேல் விழிப்போடு நிற்பதற்கு ஜான்ஷின் என்று பெயர். அது இல்லாத அடிக்குப் புள்ளி இல்லை. நடுவர் "யாமே" (நிறுத்து) என்று சொல்லும்வரை கண்ணை எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: வகுப்பிலேயே ஒரு போட்டி

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, மாஸ்டரிடம் கேட்டு வகுப்பில் ஒரு மாதிரிப் போட்டி நடத்துங்கள். அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் வகுப்பின் பெரிய பலமே இதுதான். பெற்றோர் ஒருவர் நேரம் பார்க்கட்டும், மூத்த மாணவர் நடுவராகட்டும், சின்னப் பிள்ளைகள் கைதட்டிக் கத்தட்டும். ஆட்டம் முடிந்ததும் நீங்களும் சிவப்பு, நீலக் கொடிகளைப் பிடித்து மூலையில் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால்தான், தெளிவில்லாத அடி ஏன் கண்ணில் படவில்லை என்பது புரியும். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கொடி பிடிக்காதவரைப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம் என்றே மாஸ்டரிடம் சொல்வேன்.

ஆறாம் படி: போட்டி நாள்

நகங்களை வெட்டுங்கள். மோதிரம், சங்கிலி, கம்மல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். குமித்தேயில் மூக்குக்கண்ணாடிக்கு அனுமதி இல்லை என்பதால், அது இல்லாமல் முன்கூட்டியே பழகியிருங்கள். பல் கவசத்தை அன்றுதான் முதல்முறை வாயில் வைக்கக் கூடாது, மூச்சு திணறும். சீருடையின் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் வர வேண்டும். பெயர் அழைப்பதற்கு இருபது நிமிடம் முன்பே உடலைச் சூடாக்கத் தொடங்குங்கள்.

களத்தின் விளிம்பில் வணங்குங்கள், உங்கள் கோட்டுக்குப் போங்கள், ஒருமுறை மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். கட்டாவின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். நடுவில் ஓர் அசைவு தவறினால் முகத்தில் காட்டாமல் தொடருங்கள்.

உங்கள் முறை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கறுப்பு பெல்ட் இறுதிச் சுற்றுவரை உட்கார்ந்து, அவர்கள் பாதம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மறுநாள் வகுப்பில் அந்த ஓரடியைச் செய்து பார்க்கக் கால் பரபரக்கும்.