கடிவாளக் கம்பியில் துரு: நான் எடுத்த விதம்

மழைக்காலம் முழுக்கக் கொட்டகை ஆணியில் தொங்கிய பழைய கடிவாளம். குதிரையின் வாய்க்குள் போகும் இரும்புக் கம்பியில் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. லேசான மேல்துருவால் கெடுதல் இல்லை. உமிழ்நீர் நன்றாக ஊறும் என்று துருப்பிடிக்கிற இரும்பையே விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு. செதில்தான் வாயைக் கிழிக்கும்.

முதலில் கை போனது மண்ணெண்ணெய் டப்பாவுக்குத்தான். சைக்கிள் செயினுக்கு அது சரி, வாயில் வைக்கிற பொருளுக்கு ஆகுமா?

தோல் வார்களைக் கழற்றிவிட்டு, கம்பியை மட்டும் வெள்ளை வினிகரில் 8 மணி நேரம் ஊறப்போட்டேன். காலையில் வினிகர் டீ நிறத்தில் இருந்தது. பழைய டூத்பிரஷால் தேய்த்ததும் பெரும்பாலும் வந்துவிட்டது. நடு மூட்டுதான் படுத்தியது. கம்பியை மடக்கி மடக்கி, இடுக்கில் சணலை விட்டு இழுத்ததில் அரை மணி நேரம் போனது. அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கினேன். மிச்சமிருந்த புளிப்பு நுரைத்து அடங்கியது. மூன்று முறை அலசி, உடனே துடைத்து, வெயிலில் வைத்தேன்.

காய்ந்ததும் பஞ்சால் நீவிப் பார்த்தேன். ஓரிடத்தில் நார் மாட்டியது, சின்னக் குழி. நைசான உப்புத்தாள் போட்டு, மறுபடி கழுவியதும் மாட்டவில்லை. இதுவே முலாம் பூசிய கம்பியாக இருந்து உரிந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி.

கடைசியாகத் தேங்காய் எண்ணெய், ஒரே சொட்டு. மறுநாள் மாட்டியபோது குதிரை தலையை உதறவில்லை. எண்ணெய் ருசித்ததோ என்னவோ, மென்றுகொண்டே நின்றது.