பவளத்திட்டு மீனை வரைந்தும் அளந்தும் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் பாடவேளையில் மாணவர்கள் மீன் படத்துக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். அடுத்த வேளையில் அதன் உறுப்புகளுக்குப் பெயர் எழுதுகிறார்கள். மூன்றாவது வேளையில் அதன் உடலில் உள்ள கோடுகளை எண்ணி ஒரு கூட்டல் கணக்குப் போடுகிறார்கள். ஓவியம், அறிவியல், கணிதம் மூன்றும் ஒரே மீனைத் தொட்டிருக்கின்றன, ஆனால் அவை ஒன்றையொன்று தொடவில்லை. இதுதான் முதல் தவறு, மற்றத் தவறுகளில் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. மூன்று பாடங்களும் சேர வேண்டுமானால், அவை மூன்றும் இல்லாமல் விடை காண முடியாத ஒரு கேள்வியை மீனிடமிருந்தே எடுக்க வேண்டும்.

அத்தகைய கேள்வியைத் தன் தோலிலேயே சுமந்து திரியும் மீன், இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளத்திட்டுகளில் வாழும் எம்பரர் ஏஞ்சல் மீன். சுமார் 40 சென்டிமீட்டர் வரை வளரும் இதன் முதிர்ந்த உடலில் நீலமும் மஞ்சளும் மாறிமாறி நீளவாக்கில் ஓடுகின்றன; கண்ணை மறைத்தாற்போல ஒரு கரும்பட்டை இருக்கிறது. இளமீனோ கருநீல உடலில் வெண்வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த, முற்றிலும் வேறான தோற்றம் கொண்டது. 1787இல் பிளாக் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் முதிர்ந்த மீனை விவரித்துப் பெயரிட்ட பிறகும், இளமீன் நெடுங்காலம் தனி இனமாகவே கருதப்பட்டது.

இந்த மீனை வரையச் சொன்னால் பெரும்பாலோர் முட்டை வடிவ உடல் ஒன்றைப் போட்டு, அதற்குள் அளவுகோல் வைத்தாற்போல இணைகோடுகளை இழுத்துவிடுகிறார்கள். பார்ப்பதை விட்டு, தெரிந்ததை வரையும் இந்தப் பழக்கம் இங்கே பெரும் இழப்பை உண்டாக்குகிறது. படத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் கோட்டைத் தலையிலிருந்து வால் வரை பென்சில் முனையால் பின்தொடர்ந்து பாருங்கள். சில கோடுகள் நடுவழியில் இரண்டாகப் பிரிகின்றன. இணைகோடுகளாக வரைந்தவரின் தாளில் இந்தக் கவைகள் இருப்பதில்லை. ஆகவே அந்தத் தாளிலிருந்து எழ வேண்டிய கேள்வியும் எழுவதில்லை.

அந்தக் கேள்வி இது: மீன் வளரும்போது கோடுகள் அகலமாகின்றனவா, எண்ணிக்கையில் கூடுகின்றனவா? வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்தபடி வெவ்வேறு வேகத்தில் பரவினால், ஒரே சீரான பரப்பில் தானாகவே கோடுகளும் புள்ளிகளும் தோன்ற முடியும் என்று கணிதவியலாளர் ஆலன் டியூரிங் 1952இல் காட்டினார். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷிகெரு கோண்டோவும் ரிஹிதோ அசாயும் 1995இல் இதே ஏஞ்சல் மீன் பேரினத்தை வைத்து, உடல் வளர வளரக் கோடுகளின் இடைவெளி ஏறக்குறைய மாறாமல் இருப்பதையும், கவை இருக்கும் இடம் பையின் ஜிப்பைத் திறக்கும்போது நகரும் இழுப்பான் போல மெல்ல நகர்ந்து புதிய கோட்டுக்கு வழிவிடுவதையும் காட்டினார்கள். டியூரிங்கின் சமன்பாடுகளிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய நடத்தை இதுதான். இங்கே இன்னொரு தவறு நேர்கிறது: "மீனின் தோலில் இரண்டு வேதிப்பொருள்கள் பரவுகின்றன" என்று முடிந்துபோன உண்மையாகச் சொல்லிவிடுவது. பின்னர் வரிக்குதிரை மீனில் நடந்த ஆய்வுகள், நிறமி செல்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் அந்தப் பங்கை ஆற்றக்கூடும் என்பதைக் காட்டின. சமன்பாட்டின் வடிவம் பொருந்துகிறது என்பது வேறு, அதை நிகழ்த்தும் பொருள் இன்னதென்று அறிவது வேறு. மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடக் கூடாது.

அளக்கும் இடத்தில்தான் தவறுகள் மிகுதி. கோடுகளை எண்ணிவிட்டு மீனின் அளவைக் குறிக்காமல் விட்டால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஓர் எடுத்துக்காட்டாக, முதுகிலிருந்து வயிறு வரை 12 சென்டிமீட்டர் உயரமுள்ள உடலில் 20 மஞ்சள் கோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 6 மில்லிமீட்டர். உயரம் 18 சென்டிமீட்டர் ஆனபோதும் அதே 20 கோடுகள் இருந்தால் இடைவெளி 9 மில்லிமீட்டராக விரிந்திருக்கும். இடைவெளி மாறாதிருந்தால் 30 கோடுகள் இருக்க வேண்டும். இரண்டில் எது நடக்கிறது என்று சொல்ல எண்ணிக்கையும் வேண்டும், நீளமும் வேண்டும். அளவுகோலோ, அளவு தெரிந்த ஒரு பொருளோ இல்லாத புகைப்படத்திலிருந்து விகிதங்களைப் பெறலாமே தவிர மில்லிமீட்டரைப் பெற முடியாது. அதேபோல எண்ணும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். உடலின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு வரைந்து, அதை வெட்டும் பட்டைகளை மட்டும் எண்ணுங்கள். சற்று முன்னும் பின்னும் இன்னும் இரண்டு செங்குத்துக் கோடுகளில் எண்ணிச் சராசரி எடுங்கள். மூன்று எண்ணிக்கைகளும் ஒன்றிரண்டு வேறுபட்டால் பதற வேண்டாம், நடுவில் ஒரு கவை இருக்கிறது என்று பொருள்.

மீன் கேமராவுக்கு நேர்பக்கமாக நிற்காத படங்களை விலக்கிவிடுவது நல்லது. மீன் 30 பாகை திரும்பியிருந்தால் உடல் நீளம் படத்தில் சுமார் 13 சதவீதம் குறைந்து தெரியும், உயரம் அப்படியே இருக்கும். இதை அறியாதவர் மீனைக் குட்டையாக வரைந்து, அதன் விகிதத்தையும் தவறாகக் கணக்கிடுவார். நீளம் என்று எழுதும்போது வால் துடுப்பைச் சேர்த்ததா, வாலின் அடி வரை மட்டுமா என்பதையும் குறித்தே ஆக வேண்டும்.

அழகின் அளவு என்று பலர் சொல்லும் 1.618 என்ற பொன் விகிதத்தை மீனின் மேல் திணிப்பது எனக்குப் பெரிதும் வருத்தம் தரும் பழக்கம். துடுப்பின் நுனியிலிருந்து ஓரிடம், கண்ணிலிருந்து ஓரிடம் என்று புள்ளிகளை விருப்பம்போலத் தேர்ந்தால் 1.618 எங்காவது கிடைத்துவிடும். முதலில் அளந்து, பிறகு கிடைத்த விகிதம் என்னவோ அதை எழுதப் பழக்குவதுதான் கணிதம். நீளம் இரு மடங்கானால் எடையும் இரு மடங்காகும் என்று எழுதிவைப்பதும் அடிக்கடி காணும் பிழை. உருவம் மாறாமல் இருந்தால் தோலின் பரப்பு 4 மடங்காகும், எடை ஏறக்குறைய 8 மடங்காகும்.

ஓவியத்தில் சிறு விவரத்தை விட்டுவிட்டால் அறிவியலே மாறிப்போகும். கன்னத்தில், செவுள் மூடிக்கு முன்னுள்ள எலும்பின் கீழ்மூலையிலிருந்து பின்னோக்கி நீளும் வலுவான முள்தான் கடல் ஏஞ்சல் மீன்களை வண்ணத்துப்பூச்சி மீன்களிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். அதை வரையாமல் விட்டால் மீன் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். நன்னீர்த் தொட்டிகளில் வளரும் ஏஞ்சல் மீனுக்கும் இதற்கும் பெயரைத் தவிர நெருங்கிய உறவில்லை என்பதால், மாதிரிப் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனம் தேவை.

நிறத்திலும் அப்படியே. மின்னொளி வீசி எடுத்த படங்களைப் பார்த்து வண்ணம் தீட்டிவிட்டு, கடலடியிலும் மீன் அப்படியே தெரியும் என்று எழுதக் கூடாது. நீர் சிவப்பு ஒளியை விரைவில் உறிஞ்சிக்கொள்கிறது; சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குள் அதன் பெரும்பகுதி மறைந்துவிடும், நீலம் மிக ஆழம் வரை செல்லும். "கோடுகள் எதற்காக" என்ற கேள்விக்கு உடனே "ஒளிந்துகொள்ள" என்று விடை எழுதுவதும் அவசரமே. இளமீனின் மாறுபட்ட கோலம், தன் எல்லைக்குள் பிற மீன்களை விடாத முதிர்ந்த மீன்களின் தாக்குதலிலிருந்து அதைக் காக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். கோடு எப்படி உருவாகிறது என்பதும் எதற்குப் பயன்படுகிறது என்பதும் இரண்டு தனிக் கேள்விகள் என்பதால், இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

கடைசியாக, ஒரே ஒரு படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அளவெடுப்பு முடிந்த பிறகு அதே மீனை மீண்டும் வரையச் சொல்லி, முதல் தாளையும் இரண்டாம் தாளையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கவைகள் இருக்கின்றன, கன்னமுள் எதில் இருக்கிறது என்று மாணவர்களையே எண்ணிக் குறிக்கச் சொல்லுங்கள்.