நாட்டிய ஆசிரியருக்கு ஒரு தபால்தலை: நான்கு சென்டிமீட்டரில் எதை வரைவது?

கலைஞர் ஒருவருக்கு நினைவுத் தபால்தலை வடிவமைக்கப் போகிறீர்கள் என்றால், கணினியைத் திறப்பதற்கு முன் சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். சியோங் சூ பியெங்கின் கருவாடு காயவைக்கும் ஓவியமும், கொடிகளுக்கு நடுவே சென் வென் ஸி வரைந்த இரண்டு கிப்பன் குரங்குகளும் அதில் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் 40க்கு 30 மில்லிமீட்டர் அளவில் சன்னல் வெட்டி, அதை அந்தப் படங்களின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். சில இடங்களில் சன்னலுக்குள் இருப்பது என்னவென்றே தெரியாது, சில இடங்களில் சட்டென்று புரியும். ஏறக்குறைய அந்தச் சன்னல் அளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் இடம்.

ஓவியர் என்றால் வேலை ஓரளவு எளிது, அவருடைய படைப்பையே போட்டுவிடலாம். 1971இல் இந்தியா ரவி வர்மாவுக்கு வெளியிட்ட தபால்தலையில் இருப்பது அவர் வரைந்த தமயந்தியும் அன்னமும்தான். ஆனால் நாட்டியக் கலைஞருக்கு என்ன செய்வது? ஆடி முடித்ததும் மறைந்துபோகிற கலை அது. எங்கள் ஆசிரியரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மாணவிகள் எல்லோரும் சேர்ந்து தபால்தலை செய்தபோது இந்தக் கேள்வியில்தான் இரண்டு வாரம் போனது. முதலில் அவர் முகம், பின்னால் கோபுரம், கீழே சலங்கை, இரண்டு மொழியில் பெயர் என்று எல்லாவற்றையும் வைத்தோம். திரையில் பெரிதாகப் பார்த்தபோது அழகாக இருந்தது, நிஜ அளவில் அச்சிட்டதும் கண்ணும் மூக்கும் கரைந்து ஒரு திட்டாகத்தான் தெரிந்தது.

அப்புறம் ஒருத்தி எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "டீச்சர் என்றதும் முதலில் என்ன வருது?" என்று கேட்டாள். சொல்லி வைத்த மாதிரி எல்லோரும் தட்டுக்கழி, அதாவது தாளம் தட்டும் கோல், பிடித்த கையைத்தான் சொன்னோம். அவர் இளவயதில் மேடையில் ஆடியதை நாங்கள் யாருமே பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து கட்டையில் தட்டி ஜதி சொல்வதைத்தான் பார்த்தே வளர்ந்தோம். அந்தக் கை மட்டுமே எங்கள் தபால்தலை ஆனது. நீங்களும் கலைஞருக்கு நெருங்கியவர்கள் ஐந்தாறு பேரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள், விருதுப் பட்டியலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு எடுத்துக்காட்டு. நாட்டிய ஆசிரியர் நீலா சத்தியலிங்கத்துக்கு வரைவதாக வைத்துக்கொள்வோம். கொழும்பில் பிறந்தவர், சென்னையின் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியில் பயின்றவர், இங்கே சிங்கப்பூரில் 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸ் என்ற நாட்டிய அமைப்பைத் தொடங்கியவர், 1989இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். இத்தனையையும் ஒரே படத்தில் திணிக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம், அந்த விவரங்களுக்கு முதல் நாள் உறையிலும் (வெளியீட்டு நாள் முத்திரையோடு வரும் உறை) அதோடு வைக்கும் குறிப்பட்டையிலும் தாராளமாக இடம் இருக்கிறது. தபால்தலையில் அரைமண்டி ஒன்று போதும், ஏனென்றால் முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிற அந்த உருவம் வெறும் நிழலாகப் போட்டால்கூட அடையாளம் தெரியும். கை முத்திரைகளில், விரல்களைச் சேர்த்து நீட்டும் பதாகம் சிறிய அளவிலும் நிற்கும், மலர்போல் விரியும் அலபத்மத்தின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். ஒன்று போதவே போதாது என்று தோன்றினால், நான்கு தபால்தலைகளை ஒட்டியே அச்சிட்டு ஓர் அடவின், அதாவது அடிப்படை ஆட்ட அசைவின், நான்கு நிலைகளை வரிசையாகக் காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி அது.

சரி, உரிமை விஷயம். சிங்கப்பூரில் ஓவியரின் பதிப்புரிமை அவர் மறைந்த பிறகும் 70 ஆண்டு நீடிக்கும். 1993இல் மறைந்த ஜார்ஜெட் சென்னின் ஓவியங்களுக்கு 2063 முடியும்வரை. புகைப்படத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். குடும்பத்தார் ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் உரிமை படம் எடுத்தவரிடம் இருக்கலாம். 2021 நவம்பர் 21இலிருந்து, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே. அதனால் இரண்டு தரப்பிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

எழுத்து. அதிகாரபூர்வ வெளியீடு என்றால் நாட்டின் பெயர் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி, அதற்கு முதலிலேயே ஒரு மூலையை ஒதுக்கிவிடுங்கள். தமிழில் பெயர் போடும்போது ண, ஞ, ணை போன்ற சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும், ஆகவே மெல்லிய அலங்கார எழுத்துரு வேண்டாம், ஆறு பாயிண்டுக்குக் கீழே போகவும் வேண்டாம். பல வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் அச்சு மயிரிழை விலகினாலும் எழுத்து சிதைந்துவிடும். முக்கியமான எதுவும் ஓரத் துளைகளிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

நான்கைந்து மடங்கு பெரிதாக வரையலாம், ஆனால் தினமும் ஒரு தடவை நிஜ அளவில் அச்சிட்டுக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். நிறங்களை அச்சுக்கான நான்கு வண்ண முறையில் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். டீச்சர் கைக்குப் பின்னால் தெரியும் அரக்குச் சேலை எங்கள் முதல் மாதிரியில் காப்பிக்கொட்டை நிறமாக வந்தது, திரையை நம்பியதால் வந்த வினை.

அஞ்சலுக்குச் செல்லுபடியாக வேண்டுமென்றால் சிங்போஸ்ட்டின் மைஸ்டாம்ப் மாதிரியான தனிப்பயன் சேவையில் அளவும் நிபந்தனையும் கேட்டுக்கொண்டு பிறகு வரையத் தொடங்குங்கள். வெறும் நினைவுப்பொருளாகச் செய்கிறீர்கள் என்றால் அதில் நாட்டின் பெயரும் விலையும் போடாதீர்கள். சேகரிப்பாளர்கள் அந்த வகையைச் சிண்டரெல்லா என்பார்கள்.

பின்னணியைக் கொஞ்சம் வெளிர் நிறத்தில் வையுங்கள், இருட்டாக இருந்தால் முதல் நாள் முத்திரையின் தேதி தெரியாது. செல்லுபடியாகும் தபால்தலை என்றால் முதல் தாள் கைக்கு வந்ததும் ஒன்றைக் கிழித்து, உறையில் ஒட்டி, புளோக்குக்குப் பக்கத்துத் தபால்பெட்டியில் உங்கள் வீட்டு முகவரிக்கே போடுங்கள். முத்திரை விழுந்து வந்த பிறகும் தட்டுக்கழி பிடித்த கை தட்டுக்கழி பிடித்த கையாகவே தெரிந்தால், மீதித் தாள்களை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.