"இரண்டே மீதமுள்ளன" என்ற அறிவிப்பைக் கண்டால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தீபாவளியும், தள்ளுபடி விற்பனை நாளான பிளாக் ஃபிரைடேயும் நெருங்கும் வாரங்களில், இணையக் கடைகள் "இரண்டே மீதமுள்ளன" என்று எழுதியும் சலுகை முடியும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தை ஓடவிட்டும் நம்மை அவசரப்படுத்துகின்றன. குறைவாகத் தெரிந்தாலே ஒரு பொருளின் மதிப்பு நம் மனத்தில் உயர்ந்துவிடுகிறது. 1975இல் உளவியலாளர் ஸ்டீபன் வொர்ச்செல் குழுவினர் நடத்திய ஆய்வில், 10 பிஸ்கட்டுகள் இருந்த ஜாடியிலிருந்து கொடுத்ததைவிட, 2 மட்டுமே இருந்த ஜாடியிலிருந்து கொடுத்த அதே வகை பிஸ்கட்டையே மாணவர்கள் விரும்பத்தக்கதாக மதிப்பிட்டனர். சுவை கூடுதல் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆகவே, பொருளைத் தேர்ந்தெடுத்தபின் பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். முடிந்துபோன கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தால், அந்த அவசரம் புனையப்பட்டதே. உண்மையாகவே தீர்ந்துபோகும் பட்டுச் சேலைகளும் உண்டு. அவற்றுக்கு எவ்வளவு ராண்ட் வரை கொடுக்கலாம் என்பதை விளம்பரம் கண்ணில் படுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, கையிருப்பைப் பற்றித் தவறாக எண்ணவைக்கும் விலை விளம்பரங்களைத் தடைசெய்கிறது. அவசரத்தில் வாங்கிவிட்டாலும், சில விலக்குகள் நீங்கலாக, இணையத்தில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்த 7 நாள்களுக்குள் காரணம் கூறாமலே திருப்பித் தர 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் இடமளிக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது.