மீட்கப்பட்ட விலங்குகளின் சரணாலயத்தில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி?

மடியில் புலிக்குட்டி, கையில் பால் பாட்டில். சரணாலயத்தில் தொண்டு செய்யப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலருக்கு மனதில் இந்தப் படம்தான் இருக்கிறது. முதல் வேலையாக அதை அழித்துவிடுங்கள். நல்ல சரணாலயத்தில் உங்கள் கைக்கு வருவது துடைப்பமும் தண்ணீர்க் குழாயும்தான். விலங்கைத் தொட விடாத இடம்தான் விலங்குக்கு நல்ல இடம். இதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் மேலே படியுங்கள்.

அங்கே இருப்பவை வீட்டில் வளர்த்துக் கைவிடப்பட்ட குரங்குகள், சர்க்கஸிலிருந்து வந்த சிங்கங்கள், கடத்தலில் பிடிபட்ட ஆமைகள், கிளிகள். அழியும் ஆபத்திலுள்ள காட்டு விலங்குகளையும் தாவரங்களையும் நாடுகளுக்கிடையே வாங்கி விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) என்ற பன்னாட்டு ஒப்பந்தம் 1975-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. கடத்தல் மட்டும் நிற்கவில்லை. பிடிபட்ட விலங்கை எங்காவது வைத்தாக வேண்டுமே! நகம் பிடுங்கப்பட்ட புலியையும், தாயிடம் எதையும் கற்காமல் வளர்ந்த குரங்கையும் காட்டில் விட முடியாது. பெரும்பாலும் ஆயுள் முழுக்க அங்கேதான்.

படி 1: இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 'சரணாலயம்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். 2007-ல் தொடங்கப்பட்ட விலங்குச் சரணாலயங்களின் உலகக் கூட்டமைப்பு, இப்படிப்பட்ட இடங்களை ஆராய்ந்து அங்கீகாரம் தருகிறது. விற்பனைக்காக இனப்பெருக்கம் கூடாது, விலங்குகளை வாங்கி விற்கக் கூடாது, பார்வையாளர்கள் காட்டு விலங்குகளைத் தொடக் கூடாது என்பவை அதன் அடிப்படை விதிகள். அங்கீகாரம் இல்லாத சிறிய இடங்கள் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த விதிகளைக் கேள்விகளாக மாற்றி அவர்களிடமே கேளுங்கள்.

நான் முதலில் கேட்கச் சொல்வது: "போன வருடக் குட்டிகள் இப்போது எங்கே?" வருடம்தோறும் புதுக் குட்டிகள் இருந்தால் அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்று பொருள். சிங்கக்குட்டியை மனிதர்கள் தூக்கி விளையாட முடிவது சில மாதங்கள்தான். அதற்கப்புறம் அது ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் சில சிங்கப் பண்ணைகளில், வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் பணம் கட்டிப் பாலூட்டி வளர்த்த குட்டிகள் பெரிதானதும் வேட்டைக்கும் எலும்பு வணிகத்துக்கும் போயின. பாலூட்டியவர்கள் அநாதைக் குட்டிகளைக் காப்பாற்றுவதாகவே நம்பினார்கள். அமெரிக்காவில் சிங்கம், புலி போன்ற பெரும்பூனைகளின் குட்டிகளைப் பொதுமக்கள் தொடுவதற்கு 2022 டிசம்பரில்தான் நாடு முழுவதற்குமான தடை வந்தது.

கட்டணம் கேட்பதே தப்பில்லை. தங்குமிடம், பயிற்சி எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அந்தப் பணத்துக்கு ஈடாக 'விலங்கோடு நேரம்' தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். பார்வையாளர்களையே உள்ளே விடாத இடங்களும் உண்டு. அமெரிக்காவின் டென்னசியில் 1995 முதல் இயங்கும் யானைச் சரணாலயம் அப்படித்தான். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மருத்துவரைப் பாருங்கள்

டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். பாலூட்டிகளோடு வேலை என்றால் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடச் சொல்வார்கள். காசநோய்ப் பரிசோதனையும் கேட்கலாம். அது விலங்கைக் காப்பாற்ற. மனிதர்களின் காசநோய் யானைக்குத் தொற்றும். நமக்குச் சாதாரணச் சளி தரும் வைரஸ்கள் சிம்பன்சிகளைக் கொன்றிருக்கின்றன. தும்மல் இருந்தால் அன்றைக்கு லீவு சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. மக்காக் குரங்குகளிடம் (நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் குரங்கும் இந்த வகைதான்) இருக்கும் ஹெர்பிஸ் பி வைரஸ் அவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை, ஆனால் மனிதர்களின் மூளையைத் தாக்கும். 1997-ல் அமெரிக்காவில் குரங்கு ஆய்வு மையம் ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர், கண்ணில் திரவம் தெறித்ததால் இந்தத் தொற்று வந்து இறந்தார். கண் பாதுகாப்புக் கண்ணாடியைப் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள். ஆமை, பாம்பு, ஓணான் வகைகளைக் கையாண்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுவது, வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா கிருமி தொற்றாமலிருக்க. கர்ப்பிணிகள் பூனை இனங்களின் மலத்தைச் சுத்தம் செய்யும் வேலையை ஏற்கக் கூடாது.

படி 3: உடை

தண்ணீர் புகாத பூட்ஸ், முழுக்கால் சட்டை, கட்டிய முடி. தோடு, சங்கிலி, துப்பட்டா வேண்டாம். கம்பிக்குள்ளிருந்து நீளும் குரங்குக் கை நினைப்பதைவிட வேகமானது.

படி 4: கூண்டைச் சுத்தம் செய்யும் முறை

பெரும்பூனை, குரங்குக் கூண்டுகளில் விலங்கை ஒரு பகுதிக்கு அனுப்பி, நடுவிலுள்ள நகரும் கதவை மூடிய பிறகே மறுபகுதிக்குள் போக வேண்டும். பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்தான் விலங்கை நகர்த்துவார். ஆனாலும் "அடைத்தாச்சு" என்று யார் சொன்னாலும் போதாது. விலங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரே பகுதியில் மூன்று இருந்தால் மூன்றையும் எண்ணுங்கள். பூட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள். வெளிக்கதவு இரட்டைக் கதவாக இருக்கும்: ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

அடுத்து, கழுவும் வரிசை. முதலில் மலத்தையும் மீதி உணவையும் அள்ளிவிடுங்கள். அப்புறம் தண்ணீரும் சோப்பும். அதற்குப் பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். புட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். சிறுநீர் தேங்கிய தரையில் நேராக பிளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும். ஆரோக்கியமான விலங்குகளின் கூண்டை முதலிலும், நோயுற்றவை, புதிதாக வந்தவை இருக்கும் தனிப்பகுதியைக் கடைசியிலும் செய்யுங்கள். அந்தப் பகுதித் துடைப்பம் அங்கேயே இருக்கட்டும்.

படி 5: சமையலறை

எடை போட்டு, அட்டவணைப்படி வெட்டுவதுதான் வேலை. நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். கிளிகளுக்கு அவகாடோவும் சாக்லேட்டும் விஷம். பெரும்பூனைக்கு எலும்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும். குரங்குக்கு வாழைப்பழம் நல்லதுதானே என்று தோன்றும். மனிதர்களுக்காக வளர்க்கும் பழங்களில் காட்டுப் பழங்களைவிடச் சர்க்கரை அதிகம், அதனால் இங்கிலாந்தின் பெய்ன்டன் விலங்குக் காட்சிசாலை குரங்குகளுக்கு வாழைப்பழத்தையே நிறுத்தியது. நீங்கள் வெட்டப்போவது பெரும்பாலும் காய்கறியும் இலையும்தான்.

படி 6: கூண்டருகில் நடந்துகொள்ளும் விதம்

மக்காக் குரங்கிடம் பல் தெரியச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள். இரண்டையும் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம். புலி, சிறுத்தை முன்னால் முதுகைக் காட்டிக் குனிய வேண்டாம். கம்பிக்குள் விரல் விடவே கூடாது, எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் சரி.

விலங்கு தப்பிவிட்டால் பிடிக்க ஓடாதீர்கள். அருகிலுள்ள அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு தகவல் சொல்லுங்கள். அதற்கான ஒத்திகையை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

தன்னார்வலர்களுக்குக் கிடைக்கும் சுவாரசியமான வேலை, சலிப்பைப் போக்கும் பொருள்களைத் தயாரிப்பது. அட்டைப்பெட்டியில் வைக்கோலோடு உணவை ஒளித்து வைக்கலாம், புலிக்கு லவங்கப்பட்டைத் தூளைக் கட்டையில் தூவலாம். சலித்துப்போன கிளி தன் இறகைத் தானே பிடுங்கும், அதனால் இதை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். பெட்டியிலுள்ள பிசின் டேப்பையும் ஸ்டேப்ளர் ஊசியையும் நீக்கி, பராமரிப்பாளரிடம் காட்டிய பிறகே பெட்டி கூண்டுக்குள் போக வேண்டும்.

படி 7: குறிப்பெழுதுங்கள்

காட்டு விலங்குகள் நோயை மறைக்கும், குறிப்பாகப் பறவைகள். தினமும் பார்க்கும் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். ஊகத்தை எழுதாமல் கண்டதை எழுதுங்கள். "சோகமாக இருந்தது" என்பதால் மருத்துவருக்குப் பயனில்லை. "காலை 9 மணிக்கு வைத்த இறைச்சியில் பாதி மீதி, இடது முன்காலை ஊன்றவில்லை" என்றால் உடனே வந்து பார்ப்பார்.

அப்புறம், செல்ஃபி. குரங்கோடு ஒட்டி நிற்கும் படத்தைப் பார்க்கிற யாருக்காவது, நாமும் ஒன்று வளர்க்கலாமே என்று தோன்றும். வளர்க்க ஆசைப்பட்டவர்களால்தான் அந்தக் குரங்கே அங்கே வந்து சேர்ந்தது. விலங்கு மட்டும் இருக்கும் படமென்றாலும், பகிர்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். இருப்பிடக் குறியீட்டையும் அணைத்துவிடுங்கள், சில விலங்குகளுக்குத் திருடர்கள் உண்டு.